ஆறாவது இன்னிங்ஸில் வாழ்த்துரை

எங்கள் கழகத்தில் ஒருவர் பந்து எறிவதற்கு அவருக்கு எறியத் தெரிந்திருக்க வேண்டும் என்று விதி கிடையாது. அவர் ஜெர்மனிக்கு எந்த வருடம் வந்தார் என்பதுதான் விதி.

என் பெயர் யூட்சன். ஹம் நகரில் ஓர் ஆணித் தொழிற்சாலையில் வேலை. வார நாளெல்லாம் ஓர் இயந்திரம் என் முகத்தைப் பார்த்து ஆணி துப்பும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பேஸ்பால் அணியில் முகமூடி போட்டுக்கொண்டு குந்தியிருந்து, எறிகிற பந்தைப் பிடிப்பேன். "ரெண்டும் ஒரே வேலைதானேயப்பா, இதுக்குச் சம்பளமும் இல்லை" என்பாள் என் மனைவி பிறின்சி. ஒரே வேலை இல்லை. மைதானத்துக்கு மேலே வானம் இருக்கிறது. அந்த மைதானம் கைவிட்டுப் போனால் என் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஏதாவதொரு மண்டபத்தில், பிளாஸ்டிக் கதிரையில், யாராவது ஒருவரின் வெள்ளி விழாவில் கழியும். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

நாங்கள் கேட்டது கிரிக்கெட்டுக்கு இடம். இங்குள்ள பெரிய ஜெர்மன் விளையாட்டுக் கழகம் ஒன்று, கிரிக்கெட்டுக்கு இடமில்லை, ஆனால் ஒரு பேஸ்பால் மைதானம் புல் முளைத்துச் சும்மா கிடக்கிறது, வேண்டுமா என்றது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. தமிழ் பேஸ்பால் கழகம் அன்றைக்கே பிறந்தது. முதலில் தலைவரைத் தெரிவு செய்தோம், பிறகு செயலாளரை, பிறகு காப்பாளர்களை, போசகர்களை. விளையாடுகிறவர்களைப் பற்றிய பேச்சு நேரமின்மையால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போனது.

தலைவர் மகேந்திரராஜா அண்ணை. காலம் பூராவும் விழா நடத்தியவர். ஆளைத் தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் "அவையோர்களே" என்றுதான் எழும்புவார். செயலாளர் கலாதேவி அக்கா. ஒலிவாங்கி அவரிடம்தான் இருக்கும், தூங்கும்போது எங்கே வைப்பார் என்று எனக்குத் தெரியாது.

அணியில் உண்மையாகவே எறியத் தெரிந்தவள் மிதுசா ஒருத்தி. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, மருத்துவமனையில் தாதி வேலைக்கு ஆஉஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்கிறாள். தலைவருக்கு ஆட்டத்தை விளங்கப்படுத்தியவளும் அவள்தான். முதலில் ஒருவர் எறியத் தொடங்குவார், அவர் களைத்தால் அல்லது அடி வாங்கினால் மாற்று எறிஞர் வருவார், முன்னுக்கு நிற்கும்போது கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸை முடித்து வைக்க ஆகத் திறமானவர் ஒருவரை வைத்திருப்பார்கள், ஒருமுறை ஆட்டத்தை விட்டு வெளியே எடுத்தவரைத் திரும்ப உள்ளே விட ஏலாது. இவ்வளவுதான் அவள் சொன்னது.

மகேந்திரராஜா அண்ணை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

"பிள்ளை, இது எங்கட நிகழ்ச்சி நிரல் எல்லே! தொடங்குறவர் வரவேற்புரை. இடையில வாறவை வாழ்த்துரை. கடைசியா முடிச்சு வைக்கிறவர் சிறப்பு விருந்தினர். இதுக்குப் போய் அமெரிக்காக்காரன் நூறு வருசம் மண்டையை உடைச்சவனே? எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"மாமா, அப்பிடியில்லை. யார் எப்ப எறியிறது எண்டது ஆட்டத்தைப் பொறுத்தது."

"ஆட்டத்தைப் பொறுத்து நிகழ்ச்சியை மாத்தினால் பிறகு என்னத்துக்கு நிகழ்ச்சி நிரல்?"

மிதுசா என்னைப் பார்த்தாள். நான் முகமூடியைப் போட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து ஐந்து இன்னிங்ஸ் மிதுசா எறிவாள். ஆறாவது தொடங்க, விழாக்களில் உரை நேரம் முடிந்ததென்று அடிக்கும் அதே மணி அடிக்கும். அவள் எவ்வளவு நன்றாக எறிந்துகொண்டிருந்தாலும் வரவேற்புரை முடிந்தது முடிந்ததுதான். திரும்பி வர முடியாத பயணம் என்பதால் ஒவ்வோர் ஆட்டத்திலும் அவளுக்குச் சிறிய பிரியாவிடை உண்டு. கலாதேவி அக்கா ஒலிவாங்கியில் நாத்தழுதழுக்க இரண்டு வசனம் சொல்லுவார். அதன்பின் வாழ்த்துரை. ஒவ்வொருவரும் ஓர் அடிப்பவருக்கு மட்டும் எறிவார். ஊருக்கொரு பிரதிநிதி. வந்த வருடப்படி வரிசை. எல்லோருக்கும் முந்திக் கிழக்கு பேர்லின் வழியாக வந்த ஜேசுரட்ணம் அண்ணை எப்போதும் முதலாவது. அவருக்கு வலது தோள் மூட்டு சத்திரசிகிச்சை செய்தது. அதைச் சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப இடக்கையால எறியட்டும்" என்றார் தலைவர். "தொண்ணூறில வந்தவனுக்குப் பின்னால அவரை விட்டால் நாளைக்கு நான் அவற்ர முகத்தில முழிக்கிறேல்லையோ?"

சிறப்பு விருந்தினர் என்ற இறுதி எறிஞரோ அந்த வருடம் முழுக்க ஒரு பந்தும் எறியவில்லை. முன்னுக்கு நின்றால்தானே முடித்து வைக்க? வாழ்த்துரை முடிய நாங்கள் எப்போதும் பின்னுக்குத்தான் நின்றோம். பருவம் முடியப் போகிறது, ஒரு வெற்றியும் இல்லை.

அப்போதுதான் மைதானத்துச் சொந்தக்காரக் கழகம் நாளும் நேரமும் குறித்து டெர்மீன் தந்து எங்களைக் கூப்பிட்டது. நானும் தலைவரும் போனோம். வெள்ளைத் தாடி வைத்த ஒரு கனவான் மிகவும் அன்பாகப் பேசினார். உங்கள் மைதானத்தில் சமையல் வாசம் நன்றாக இருக்கிறது, ஆனால் வெற்றி இல்லை, கடைசி ஆட்டத்திலும் தோற்றால் மைதானத்தை நாய் பழக்கும் கழகத்துக்குக் கொடுப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம் என்றார். நாய்கள் கிண்ணம் வென்றிருக்கின்றனவாம். நேரத்துக்கு வருகின்றனவாம். யாரும் உரை நிகழ்த்துவதில்லையாம்.

வெளியே வந்ததும் வெள்ளி விழாக்கள் வரிசையாகக் கண்ணுக்குள் வந்தன.

"பயப்பிடாதையும்" என்றார் தலைவர். "எங்களிட்ட இருக்கிற குறை என்னெண்டு கண்டுபிடிச்சிட்டன். சிறப்பு விருந்தினர் உள்ளூர் ஆளாய்ப் போனார். வெளியூரில இருந்து எடுக்கவேணும்."

எடுத்தார்கள். ஸ்டுட்கார்ட்டில் இருந்து பிரதாப். சென்னைப் பையன், என்ஜினியர். அமெரிக்காவில் படித்தபோது கல்லூரி அணியில் எறிந்தவர். பந்து அவர் கையை விட்டால் கண்ணுக்குத் தெரியாது, சத்தம்தான் கேட்கும். கழகத்தில் முறைப்படி பதிந்து, கடைசி ஆட்டத்துக்கு அழைத்தார்கள். ரயில் நிலையத்தில் மாலை போட்டார்கள். மைதானத்தின் மூலையில், எறிஞர்கள் கையைச் சூடாக்கிக்கொள்ளும் இடத்தில், சிவப்புத் துணி விரித்த கதிரை, பக்கத்தில் குத்துவிளக்கு. பொன்னாடை போர்த்தி அதில் இருத்தினார்கள்.

நடுவர் க்றோகர் என்ற ஜெர்மன்காரர் குத்துவிளக்கைச் சுற்றி ஒருமுறை நடந்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எரிகிற விளக்கு கோட்டுக்கு வெளியே இருப்பதால் ஆட்சேபனை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிரதாப் எழுந்து கையைச் சுழற்றினார். தலைவர் ஓடி வந்தார்.

"ஐயோ, இருங்கோ இருங்கோ! விருந்தாளி வேர்க்கிறதோ?"

"சார், வார்ம்-அப் பண்ணலைன்னா தோள் போயிடும்."

"கலாதேவி, தம்பிக்கு றோல்ஸ் குடும்."

றோல்ஸ் வந்தது. பிறகு பற்றிஸ் வந்தது. பிறகு வடை. வேண்டாமென்று சொல்வது மரியாதையில்லை என்று நினைத்து அந்தப் பாவி எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

ஆட்டம் தொடங்கியது. பக்கத்து ஊர் அணி, நல்ல வாட்டசாட்டமான பெடியள். மிதுசா அன்றைக்கு எறிந்த எறி இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. ஐந்து இன்னிங்ஸ் முடிய நாங்கள் ஐந்து, அவர்கள் இரண்டு. அந்த வருடத்தில் முதன்முறையாக முன்னுக்கு நின்றோம். வேலிக்கு வெளியே நாய்க் கழகத்தார் சிலர் நாய்களோடு வந்து இடம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் காலடியால் மைதானத்தின் நீளத்தை அளந்தார்.

மணி அடித்தது.

"மாமா, நான் களைக்கேல்லை" என்றாள் மிதுசா. "கை நல்லாயிருக்கு. இன்னும் எறிவன்."

"அதுதான் பிள்ளை அழகு. இன்னும் கொஞ்சம் பேசமாட்டாரோ எண்டு சனம் ஏங்கேக்க நிப்பாட்டவேணும்."

பிரியாவிடை நடந்தது. மிதுசா கையுறையைக் கழற்றி நிலத்தில் அடித்துவிட்டுப் போனாள். கலாதேவி அக்கா அதையும் "உணர்ச்சிப் பெருக்கு" என்று அறிவித்தார்.

ஜேசுரட்ணம் அண்ணை எறிஞர் நிற்கும் மண்மேட்டில் ஏறி, அங்கிருந்த எல்லோருக்கும் கும்பிட்டார். இடக்கையால் நாலு பந்து எறிந்தார். ஒன்றுகூட என்னிடம் வந்து சேரவில்லை. நாலு பந்து பிழையென்றால் அடிப்பவர் சும்மா நடந்து முதலாம் பேஸுக்குப் போகலாம், போனார். மணி. மன்னார் பிரதிநிதி வந்தார். நாலு பந்து, இன்னொருவர் நடந்தார். மணி. வன்னிப் பிரதிநிதி. மூன்று பேஸும் நிரம்பிவிட்டன. அதற்குப் பிறகு நடக்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் ஓட்டம் சும்மா. தீவகப் பிரதிநிதி வந்து ஒன்றைக் கொடுத்தார். அவருக்குச் சளைக்காமல் திருகோணமலைப் பிரதிநிதியும் ஒன்றைக் கொடுத்தார். ஐந்துக்கு நாலு. ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை. பேஸ்கள் நிரம்பியே இருந்தன. அடுத்து நிற்பவர்கள் அவர்களின் ஆகப் பெரிய அடிகாரர் மூவர்.

நான் முகமூடியைத் தூக்கி எறிந்துவிட்டு மூலைக்கு ஓடினேன்.

"அண்ணை! பிரதாப்பை இப்ப விடுங்கோ. இப்ப விட்டாத்தான் உண்டு."

பிரதாப்பும் பொன்னாடையோடு எழுந்துவிட்டார். "சார், அவர் சொல்றது கரெக்ட். மேட்ச் இங்கதான் சார் இருக்கு, ஒன்பதாவது இன்னிங்ஸ்ல இல்ல. அப்போ அவங்களோட வீக் பேட்ஸ்மேன் வந்து நின்னா என்ன பண்ணுவீங்க? வீடு இப்ப எரியுது சார், இப்பதான் தண்ணி ஊத்தணும்."

மகேந்திரராஜா அண்ணை எங்கள் இருவரையும் இரக்கத்தோடு பார்த்தார். நிருவாக சபையும் அவருக்குப் பின்னால் நின்று பார்த்தது.

"தம்பிமார், நீங்கள் ஆட்டத்தைப் பாக்கிறியள். நான் அமைப்பைப் பாக்கிறன். சிறப்பு விருந்தினர் இடையில பேசினால் பிறகு ஆர் இருந்து கேப்பினம்? சனம் எழும்பிப் போயிடும். இன்னும் ஏழு வாழ்த்துரை இருக்கு. அந்த ஏழு பேரும் வீட்டில மனிசி பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டு வந்திருக்கினம், 'இண்டைக்கு நான் எறியிறன்' எண்டு. அவையை நான் தோக்கப் பண்ணட்டோ? ஆட்டம் தோத்தால் ஒரு ஞாயிறு தோத்தது. ஒரு வாழ்த்துரை தவறினால் இருபது வருசத்துக்கு அந்தக் குடும்பம் கதையாது."

"அண்ணை, மைதானம் போகப் போகுது!"

"போகட்டும். மைதானம் இல்லாட்டி மண்டபம் இருக்குத்தானே."

மண்டபம் என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு ஞானம் பிறந்தது. வாழ்க்கையில் எத்தனை விழாக்களில் இருந்திருப்பேன்! அங்கே வாழ்த்துரைகளையெல்லாம் தாண்டிச் சிறப்புரை முன்னுக்கு வருவதை நான் கண்டிருக்கிறேன். தலைவர் சொல்லி அல்ல, கடவுள் சொல்லி அல்ல. ஒரே ஒரு காரணத்துக்காகத்தான்.

"அண்ணை" என்றேன், "விருந்தினருக்கு ரயில் இருக்கு."

தலைவரின் முகம் மாறியது. "எப்ப?"

"இப்ப. இன்னும் கொஞ்ச நேரத்தில வெளிக்கிடவேணும்."

"ப்ரோ, என் ட்ரெய்ன் நைட்..." என்று தொடங்கிய பிரதாப்பின் காலைச் சப்பாத்தோடு சேர்த்து மிதித்தேன். என்ஜினியர்தானே, விளங்கிக்கொண்டார். "ஆமா சார். ட்ரெய்ன். ரொம்ப அர்ஜென்ட்."

"அட, இதை முதலே சொல்லக் கூடாதே! விருந்தினரைக் காக்க வைக்கிற பழக்கம் எங்கட கழகத்தில இல்லை. கலாதேவி! அறிவியும்!"

ஒலிபெருக்கி கரகரத்தது. "சிறப்பு விருந்தினர் அவசரமாகச் செல்லவேண்டி இருப்பதால், நிகழ்ச்சி நிரலில் சிறு மாற்றம். வாழ்த்துரை வழங்க இருந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்." ஏழு பேரும் முகம் கோணாமல் தலையாட்டினார்கள். ரயிலோடு யார் சண்டை போடுவது?

பிரதாப் பொன்னாடையைக் கழற்றினார். மேட்டில் ஏறியதும் தரப்படும் சில பந்துகளில் தோளைச் சூடாக்கிக்கொண்டார், ஒரு ஏப்பம் விட்டார், எறிந்தார். முதலாவது பெரிய அடிகாரர் மூன்று முறை காற்றை அடித்து ஆட்டமிழந்து போனார். இரண்டாமவர் மூன்றாவது பந்தைப் பார்க்கவே இல்லை, என்னைத் திரும்பிப் பார்த்து அது வந்துவிட்டதா என்று கேட்டார். மூன்றாமவரும் காற்றைத்தான் அடித்தார். மூவர் ஆட்டமிழந்தால் இன்னிங்ஸ் முடிவு. ஐந்துக்கு நாலு, அப்படியே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது, முகமூடி இருந்தபடியால் ஒருவரும் காணவில்லை.

"இன்னும் ரெண்டு இன்னிங்ஸ் கூட போடுவேன் ப்ரோ" என்றார் பிரதாப் மூச்சு வாங்க.

ஆனால் மாலை ஆயத்தமாக நின்றது. விருந்தினர் பேசி முடித்தால் வழியனுப்ப வேண்டியதுதானே! அவர் "நோ சார், வேண்டாம் சார்" என்று திமிறினார். தன்னடக்கம் என்று எல்லோரும் பாராட்டினார்கள். தூக்காத குறையாகக் காரில் ஏற்றினார்கள். எங்கள் வழக்கப்படி நிருவாக சபை முழுவதும் வழியனுப்பப் போனது. வாழ்த்துரைக்காரர் ஏழு பேரும், தாங்கள் போகாவிட்டால் நன்றாக இராது என்று போனார்கள். ஐந்து கார் வரிசையாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. பிரதாப்பின் கை ஒன்று யன்னலுக்கு வெளியே கடைசிவரை ஆடிக்கொண்டிருந்தது. உதவி கேட்ட கை அது.

மைதானத்தில் திடீரென்று குருவிச் சத்தம் கேட்டது. அந்த மைதானத்தில் குருவி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நடுவர் க்றோகர் வந்து, அடுத்து யார் எறிவது என்று பணிவாகக் கேட்டார். களத்தில் நிற்கும் பெடியள் ஒருவரும் மேட்டில் ஏற மாட்டோம் என்றார்கள். மிதுசா திரும்ப வர ஏலாது. வரிசைக்காரரெல்லாம் நிலையத்தில். மீதியாக நின்றது, றோல்ஸ் பெட்டிக்கும் ஒலிவாங்கிக்கும் காவலாக விடப்பட்ட கலாதேவி அக்கா மட்டும்தான். ஆள் எண்ணிக்கை காட்டுவதற்காக நிருவாகத்தில் எல்லோரையும் வீரர் பட்டியலில் போட்டிருந்தோம்.

"அக்கா, எறிவியளே?"

"பள்ளிக்கூடத்தில எல்லே விளையாடினனான்" என்றார் அக்கா. சேலையை வரிந்து கட்டினார், அதற்கு மேல் அணியின் சட்டையைப் போட்டார். பிறகு ஒலிவாங்கியை எடுத்தார். "அடுத்ததாகப் பந்து வீச வருபவர், கழகத்தின் செயலாளர், சிறந்த அறிவிப்பாளர், பன்முக ஆளுமை, திருமதி கலாதேவி அவர்கள்." சொல்லி முடித்து, தானே கைதட்டிவிட்டு மேட்டில் ஏறினார்.

அக்காவின் பந்து கோயில் வீதியில் கற்பூரச் சட்டி தூக்குபவரைப் போல மெதுவாக வந்தது. ஆனால் நேராக வந்தது. பிரதாப்பின் பந்தைக் கண்டு பதறிப் போயிருந்த பெடியள், அது வந்து சேர முன்னமே மட்டையைச் சுழற்றி முடித்துவிட்டார்கள். சிலர் இரண்டு முறை சுழற்றினார்கள். ஏழாவதில் நாங்கள் இரண்டு ஓட்டம் எடுத்தோம். எட்டாவதில் அவர்கள் சுதாரித்து இரண்டு எடுத்தார்கள். ஏழுக்கு ஆறு.

ஒன்பதாவதில் வந்தவர்கள் பிரதாப் சொன்னது போலவே அவர்களின் கடைசி மூன்று பேர். இருவர் ஆட்டமிழந்தார்கள். மூன்றாமவர் வானத்தைப் பார்த்து ஓங்கி அடித்தார். பந்து நேரே என் தலைக்கு மேலே ஏறியது. முகமூடியைக் கழற்றி எறிந்தேன். நல்ல நீல வானம். அதில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. வேலிக்கு அப்பால் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. பந்து இறங்கி என் கையுறைக்குள் வந்து விழுந்தது.

மிதுசா ஓடி வந்து அக்காவைத் தூக்கிச் சுற்றினாள். நாய்க் கழகத்தார் தங்கள் நாய்களுக்குக் கட்டளை கொடுத்தார்கள், நாய்கள் எழுந்து போயின.

நிருவாகம் திரும்பி வந்தபோது நாங்கள் பெட்டியில் மிச்சமிருந்த றோல்ஸைத் தின்றுகொண்டிருந்தோம். வென்றோம் என்றதும் மகேந்திரராஜா அண்ணை ஒரு கணம் கண்ணை மூடினார். "நல்லாய் வழியனுப்பினனாங்கள்" என்றார். முதலில் வந்த ரயிலில் ஏற்றிவிட்டார்களாம். கொஞ்ச நேரத்தில் பிரதாப் எனக்கு அழைத்தார். மியூன்ஸ்டரில் நின்றார். ஸ்டுட்கார்ட்டுக்கு நேர் எதிர்ப் பக்கம்.

அடுத்த வாரம் பொதுக்கூட்டம். மண்டபத்தில்தான். தலைவர் உரையாற்றினார்.

"இந்த வெற்றிக்குக் காரணம் ஆட்டக்காரர் எண்டு சிலர் கதைக்கினம். கதைக்கட்டும். விருந்தினருக்கு ரயில் இருந்தது, நிருவாகம் ஒருமித்து வழியனுப்பினது, வெற்றி வந்தது. எங்களுக்குத் தெரிஞ்ச உண்மை அதுதான். ஆகவே அடுத்த பருவத்தில் எல்லா ஆட்டத்திலும் ஆறாவது இன்னிங்ஸில விருந்தினருக்கு ரயில் இருக்கவேணும், நிருவாகம் முழுக்கப் போகவேணும் எண்டு தீர்மானம் கொண்டுவாறன்."

எனக்குப் புல்லரித்தது. நிருவாகம் இல்லாத மூன்று இன்னிங்ஸ்! எழுந்து இரண்டு கையையும் தூக்கினேன். ஆசை அத்தோடு நின்றிருக்கலாம்.

"அண்ணை, ஒரு திருத்தம். வழியனுப்பப் போறது போல வரவேற்கவும் முழு நிருவாகமும் போகவேணும். ரயில் பிந்தினாலும் பிந்தும். ஆட்டம் தொடங்க முன்னமே போய் நிலையத்தில நிண்டால்தான் கழகத்துக்கு மரியாதை."

தலைவர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"உம்மை நாங்கள் இவ்வளவு நாளும் சரியாப் பாவிக்கேல்லை, தம்பி. இப்பிடி அமைப்பைப் பற்றி யோசிக்கிற ஒருத்தரைக் கொண்டுபோய்க் குந்தி இருக்க விட்டிருக்கிறம். இண்டையில இருந்து நீர் நிருவாக சபையில. வரவேற்புக்குப் பொறுப்பு."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. நான் வாய் திறக்க முன்னமே கைதட்டி முடித்துவிட்டார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஹம் ரயில் நிலையத்தில், கூரைக்குக் கீழே, மாலையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மைதானம் எங்களிடமே இருக்கிறது. மிதுசா ஒன்பது இன்னிங்ஸும் தானே எறிகிறாளாம், களைத்தால், ஒலிவாங்கிக்குக் காவலாக விடப்படும் கலாதேவி அக்காவாம், வென்றுகொண்டே இருக்கிறார்களாம். அக்கா அலைபேசியில் அறிவிப்பார். எனக்குப் பதிலாகப் பந்து பிடிப்பது கஜரூபன் என்ற பெடியன். நல்லாய்ப் பிடிக்கிறானாம்.

பிரதாப் மாதத்தில் இரண்டு முறை வருகிறார். இறங்கியதும் "க்ரவுண்டுக்கு போலாமா?" என்று கேட்பார். பொறுங்கோ என்போம். மாலை, பொன்னாடை, வரவேற்புரை, அதற்குப் பின் வாழ்த்துரைகள், ஒவ்வொன்றின் முடிவிலும் ஜேசுரட்ணம் அண்ணையின் மணி. எல்லாம் முடிய ஆறாவது இன்னிங்ஸ் ஆகிவிடும். திரும்பும் ரயில் வந்துவிடும். அதே மேடையில் மறுபக்கம் திரும்பி நின்று வழியனுப்புவோம்.

போன ஞாயிறு ரயில் பிந்திவிட்டது. பிரதாப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்தார். என்னைப் பார்த்தார். நான் மாலையை மன்னார் பிரதிநிதியிடம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய்க் குந்தினேன். எறிந்தார். கையுறை இல்லாத உள்ளங்கையில் சுளீரென்று வந்து விழுந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு! பந்தைத் திருப்பிப் போட்டேன். அவர் அடுத்ததற்குக் கையைத் தூக்கினார்.

ஜேசுரட்ணம் அண்ணை மணியை அடித்துவிட்டார்.